பிள்ளைக்குப் பதினேழு நடக்கும்போதே

என் மகனுக்கு அறிவுசார் குறைபாடு. பேச்சு கொஞ்சம்தான், எழுதத் தெரிந்தது அவன் பெயர் மட்டும். ஆனாலும் பதினெட்டு முடிந்தால் அவனும் மேஜர். அதுவரை பெற்றோர் என்ற முறையில் நமக்கிருந்த சட்ட உரிமை அன்றோடு முடிந்துவிடும்.

இது எனக்கு உறைத்தது வங்கியில். மைனர் கணக்கை மாற்ற அவனே கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஒருமுறை முதல் எழுத்து கட்டத்தை நிறைத்தது. மறுமுறை கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போனது. "பெத்தவ நான் இருக்கேனே சார்" என்றேன். "இருக்கீங்கம்மா, ஆனா கார்டியன்னு ஒரு சான்று வேணுமே" என்றார் அலுவலர். அவர் சொன்னது சரிதான்.

அந்தச் சான்றுக்கு கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன்படி கலெக்டர் உள்ளிட்ட மாவட்டக் குழு பாதுகாவலரை நியமிக்கும். அம்மா, அப்பா இருவரும் சேர்ந்தே விண்ணப்பிக்கலாம். குழு தரும் சான்றை வங்கிகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கியும் சொல்லியிருக்கிறது. மனநோய் மட்டும் உள்ளவர்களுக்கு இந்த வழி பொருந்தாது.

விண்ணப்பத்தைவிட அதற்கு முந்தைய வேலைதான் அதிகம். சின்ன வயதில் வாங்கிய மாற்றுத்திறனாளி சான்று தற்காலிகமானதா என்று பாருங்கள். காலாவதியாகியிருந்தால் முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டும். அடுத்து நம் ஊருக்கே உரிய இனிஷியல் தொல்லை. ஆதாரில் இனிஷியல் பின்னால், பிறப்புச் சான்றில் முன்னால், யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் அப்பா பெயர் முழுசாக என்றிருந்தால் மூன்றும் மூன்று ஆளாகிவிடும். பதினேழிலேயே ஒன்றாக்கிவிடுங்கள்.

சான்று வாங்கிவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நியமனமான ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் கொடுக்க வேண்டும். அதனால் அவனுடைய உதவித்தொகை அவன் கணக்கிலேயே இருக்கிறது, மளிகைச் செலவோடு சேராது. மருந்து பில்லும் பயிற்சிக் கட்டண ரசீதும் ஒரு ஃபைலில் கிடக்கின்றன. பெற்ற பிள்ளைக்குக் கணக்கா என்று மாமியார் கேட்டார். சொத்தைத் தவறாகக் கையாளும் பாதுகாவலரை நீக்கவும் இதே சட்டத்தில் இடமிருக்கிறது. எனக்கு அது நல்லதாகவே படுகிறது. எனக்குப் பிறகு வருபவர் யாரென்று யார் கண்டது?

பாதுகாவலர் ஆனதால் அவனுடைய எல்லா முடிவும் நம் கைக்கு வந்துவிடாது. எதற்கெல்லாம் பாதுகாவலர் தேவை என்று குழுவே பார்க்கும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலைத்தான் பேசுகிறது. நீதிமன்றம் மனநிலை சரியில்லாதவர் என்று அறிவித்திருந்தால்தான் வாக்காளர் பட்டியலில் இடமில்லை. ஆகவே அவன் பெயரைச் சேர்க்கப் படிவம் 6 நிரப்பினோம். வாக்காளர் அட்டை வந்ததும் தெருவெல்லாம் காட்டினான்.

நாம் போன பிறகு பாதுகாவலர் பதவி தானாக அவன் தங்கைக்குப் போகாது. அவள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அவளுக்கு அதில் விருப்பம் உண்டா என்று நேராகக் கேட்டுவிடுங்கள், அண்ணன்தானே என்று திணிக்காதீர்கள். உயில் எழுதுங்கள், வங்கியில் நாமினி போட்டது உயிலுக்கு ஈடாகாது. அரசு ஊழியர்கள், சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும்படி, பணியில் இருக்கும்போதே அவன் விவரத்தை அலுவலகப் பதிவில் ஏற்றிவிட வேண்டும்.

பதினேழு வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த மாதமே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் கேளுங்கள். அடுத்த குழுக் கூட்டம் என்றைக்கு என்றும் கேட்டு வாருங்கள். அது தினமும் கூடுகிற குழு அல்ல.