விடுமுறையும் நூற்றேர்வும்

விடுமுறை கழிந்து கல்லூரி தொடங்கியதும் மாணவரை நோக்கி, "எத்தனை நூல்கள் படித்தீர்கள்?" என வினவுதல் ஆசிரியர் வழக்கம். யானும் நெடுங்காலம் அவ்வாறே வினவி வந்தேன். ஒருமுறை மாணவன் ஒருவன், "பதினான்கு நூல்கள், ஐயா" என்றான். மகிழ்ந்து, அவற்றுள் ஒன்றன் பொருளைக் கூறுமாறு கேட்டேன். அவன் தலைகுனிந்து நின்றான். பிழை அவனதன்று; எண்ணிக்கையைக் கேட்ட என்னதே.

கேட்கத்தக்க வினா எதுவென்பதை ஒரு நிகழ்ச்சி காட்டும். 1880 ஆம் ஆண்டிலே, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்திருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் முதலியவற்றை நிரலே எடுத்துரைத்தார். முதலியார் வியந்தாரல்லர். பழைய நூல்களைப் படித்ததுண்டோ என வினவிச் சீவகசிந்தாமணியைச் சுட்டினார். ஐயர் அதனை அதுகாறும் படித்ததில்லை. அவ்வொரு வினாவே அவர் வாழ்வின் போக்கை மாற்றியது. 1887 இல் சிந்தாமணி அவர் பதிப்பாக வெளிவந்தது. அவ்வாண்டிலேயே, நம் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆதலின், மாணவர்காள், ஒரு விடுமுறைக்கு மூன்று நூல்கள் சாலும். ஒன்று, இன்பங் கருதியது; கதையோ பயணநூலோ ஆகலாம். அதனைத் தாழ்வென எண்ணற்க. படிக்கும் பழக்கத்தைக் காப்பது அதுவே. மற்றொன்று, பெரியாரொருவரின் வரலாறு. ஐயர் எழுதிய 'என் சரித்திரம்' எளிய நடையது. மூன்றாவது, உங்கள் ஆற்றலுக்குச் சற்றே மேம்பட்டது. அதில் நாளொன்றுக்கு ஐந்து பக்கம் போதும். விளங்காத இடங்களைக் கொப்பியிற் குறித்து ஆசிரியரிடம் கொணர்க. பரீட்சைக்குரிய நூலன்றிப் பிறிதொன்றைத் தொடாதவன், பரீட்சை முடிந்த அன்றே படிப்பையும் முடித்துவிடுகின்றான்.

முற்கூறிய மாணவன் அடுத்த விடுமுறையில் இரண்டு நூல்களே படித்தான். ஆனால் அவன் கொப்பியில் முப்பத்தொரு வினாக்கள் இருந்தன. அவற்றுள் நான்கிற்கு என்னிடத்தும் விடை இல்லை. அவற்றை இருவரும் சேர்ந்தே தேடினோம்.

பழைய மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவ்விழப்புக்காக இன்றும் வருந்துகின்றோம். எனினும் நம் வீட்டு அலுமாரியில் திறவாது கிடக்கும் நூலும், படிக்க விழையும் பிள்ளைக்கு இல்லாத நூலே. வரும் விடுமுறையில் அவற்றுள் ஒன்றையேனும் எடுத்துத் தூசி தட்டி, அயலிலுள்ள ஒரு மாணவன் கையிற் கொடுப்பீர்களாக.