தீ இல்லாத ராக்கெட்

அன்புத் தம்பிக்கு,

எதையும் எரிக்காமல் ஒரு ராக்கெட்டை ஏவி வானிலையை ஆராய முடியுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக முடியும். அதிக உயரத்துக்கு அல்ல, நம் தலைக்கு மேலே உள்ள முதல் சில நூறு மீட்டருக்கு.

அந்தச் சில நூறு மீட்டரை அற்பமாக எண்ணாதே. மேகமற்ற பனிக்கால இரவில் தரை வேகமாகக் குளிரும். அதைத் தொட்டிருக்கும் காற்றும் குளிர்ந்துவிட, மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடாக நிற்கும். கனமான குளிர்காற்று மேலே எழாது. போகி விடியலில் சென்னையில் எரிப்பதால் எழும் புகை கலையாமல் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெயில் ஏற ஏற இந்தக் குளிர்காற்று அடுக்கு உடையும். வானிலை பலூனைப் பெரும்பாலும் நாளுக்கு இரு முறைதான் விடுகிறார்கள். நிமிடத்துக்குச் சுமார் 300 மீட்டர் ஏறி, இந்த அடுக்கைச் சட்டென்று கடந்துவிடும். அடுக்கு உடைவதைப் பார்க்க அரை மணிக்கு ஒரு முறையாவது அளக்க வேண்டும். சிறு ராக்கெட்டின் பயன் அங்கேதான்.

குளிர்வாயு ராக்கெட்டில் அடைத்துவைத்த காற்றோ நைட்ரஜனோ நாசில் என்னும் குறுகிய வாய் வழியே பீறிடும். அந்த எதிர்விசையில் ராக்கெட் எழும். வெப்பமானியைச் சுடும் தீ இல்லை. குறை என்னவென்றால், 200 பார் அழுத்தத்தில் ஒரு லிட்டர் உருளைக்குள் சுமார் கால் கிலோ நைட்ரஜன்தான் அடங்கும். எஃகு உருளையோ அதைவிடப் பல மடங்கு கனம். ஆகவே நீ குளிர்பான பாட்டிலில் தொடங்கு. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்பால் 4 பார் காற்று. இதே தத்துவம்தான், தள்ளப்படும் பொருள் தண்ணீர்.

ஏறும்போது எடுத்த அளவை நம்பாதே. உன் வெப்பமானி மாற்றத்தை உணர 2 விநாடி எடுத்துக்கொண்டால், விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் அது 40 மீட்டர் பிந்திய கணக்கைச் சொல்லும். பாராசூட்டில் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இறங்கும்போது பிழை 6 மீட்டர்தான். கேரளத்தின் தும்பாவிலிருந்து ஏவிய ஆர்எச்-200 என்னும் வானிலை ஆய்வு ராக்கெட்டும் உச்சியில் செம்பு இழைகளை உதிர்த்தது. அவை காற்றில் மிதந்து இறங்கியதை ரேடாரால் தொடர்ந்துதான் காற்றின் வேகத்தைக் கணித்தார்கள். உயரத்துக்கு அழுத்தமானி போதும்: தரையருகே சுமார் 8 மீட்டருக்கு 1 ஹெக்டோபாஸ்கல் குறையும்.

உலோகக் குழாயில் ஒருபோதும் காற்றை அடைக்காதே. வெடித்தால் உயிர் போகும். கீறல் விழுந்த பாட்டிலைத் தூக்கிப் போடு. பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும், நீண்ட கயிற்றால் இழுத்து ஏவு, விமான நிலையம் பக்கம் வேண்டவே வேண்டாம். நேரம், உயரம், வெப்பம், மேகம் நான்கையும் நோட்டில் குறித்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்