தரையில் ஓடும் என்ஜினுக்குக் காற்று

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நீ கட்டும் ஆர்வி விமானம் முழு உருவத்துக்கு வந்துவிட்டது, படம் பார்த்தேன். டெக்சஸ் வெயிலுக்குப் பயந்து, என்ஜினின் முதல் ஓட்டத்துக்கு அதை மூடும் கவுலிங்கைக் கழற்றிவிடப் போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். காற்று நன்றாகப் படுமாம். அந்த வேலை வேண்டாம்.

உன் லைகாமிங் என்ஜினில் ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டர் ஹெட்டைச் சுற்றியுள்ள ஃபின்களின் இடுக்கில் காற்று புகுந்து வெளியேறினால்தான் சூடு இறங்கும். இடுக்கு எவ்வளவு குறுகல் என்று நகத்தை விட்டுப் பார். காற்று தானாக அதற்குள் போகாது, தள்ளிவிட வேண்டும். மூக்கில் உள்ள இரண்டு துவாரத்தில் நுழையும் காற்று கவுலிங்கின் மேல்பாதியில் தேங்குவதால் அங்கே அழுத்தம் கூடும். கீழ்ப்பாதியில் அழுத்தம் குறைவு. வேறு போக்கிடம் இல்லாமல் காற்று ஃபின்கள் வழியாகக் கீழே இறங்கும். பேஃபிள் தகடும் அதன் விளிம்பில் உள்ள ரப்பர் பட்டையும் அதற்காகத்தான். கவுலிங் இல்லையென்றால் ப்ரொப்பல்லர் காற்று என்ஜினின் மேலாகவே ஓடிவிடும். பார்வைக்குக் காற்றோட்டமாக இருக்கும், ஹெட் உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

ரப்பர் பட்டை உள்நோக்கி மடங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் அழுத்தமே அதைக் கவுலிங்கோடு ஒட்டவைக்கும். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ராத்திரி ஹாங்கர் விளக்கை அணைத்துவிட்டு, காற்று வெளியேறும் கீழ்வாயில் டார்ச்சை வைத்து, முன்துவாரம் வழியாக எட்டிப் பார். ஃபின் இடுக்கில் வெளிச்சம் தெரியலாம். தகட்டு ஓரத்தில் தெரியக் கூடாது. தெரிந்த இடத்தைச் சிலிகான் வைத்து அடை.

இன்னொன்று. புது என்ஜினை மெதுவாக, நெடுநேரம் ஓட்டிப் பழக்கலாம் என்று பைக் வாங்கியவன் மாதிரி நினைக்காதே. பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரில் படிய நல்ல பவர் வேண்டும். அத்தனை பவரைத் தரையில் கொடுத்தால் சூடு தாங்காது. குறைந்த பவரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் சுவர் வழவழத்துப்போய், பிறகு ஆயில் குடிக்கும். ரிங் படிவது ஆகாயத்தில்தான். தரையில் ஆயில் பிரஷர், கசிவு, மேக்னெட்டோ, ஐடில் பார்த்தாயா, நிறுத்து.

விடிகாலையில், மூக்கைக் காற்றுக்கு எதிரே வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வாலைக் கட்டிவிட்டு ஸ்டார்ட் பண்ணு. 30 விநாடிக்குள் ஆயில் பிரஷர் ஏறவில்லையென்றால் உடனே அணைத்துவிடு. நாலு சிலிண்டருக்கும் சூடு அளக்கத் தனித்தனி சென்சார் போடு. ஒன்றே ஒன்று போட்டால் சூடான சிலிண்டர் எது என்று கடைசிவரை தெரியாது. ஹெட் சூட்டுக்குக் கம்பெனி வைத்த உச்சவரம்பு 500 டிகிரி ஃபாரன்ஹீட். அது உனக்கு வேண்டாம். தரையில் 350 தாண்டினால் த்ராட்டிலைக் குறை. அப்படியும் இறங்காவிட்டால் நிறுத்து. என் கணக்கு கஞ்சத்தனமாகத் தோன்றலாம், தோன்றட்டும்.

நிறுத்திய பிறகு காற்று இல்லாததால் கவுலிங்குக்குள் சூடு இன்னும் கொஞ்சம் ஏறும். ஆயில் ஊற்றும் சின்னக் கதவைத் திறந்துவை, மெல்ல ஆறட்டும். ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடிக்காதே. சுவிட்ச் ஆஃப் ஆகியிருந்தாலும் ப்ரொப்பல்லரைக் கையால் உருட்டிப் பார்க்காதே. மேக்னெட்டோவின் எர்த் வயர் அறுந்திருந்தால், என்ஜின் பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும்.

முதல் ஓட்டம் முடிந்ததும் நாலு சிலிண்டரின் அளவையும் தனித்தனியாக எழுதி அனுப்பு. சராசரி போட்டு அனுப்பாதே.

உன் மாமா