மூச்சுக்கு ஒரு துணை

மூச்சுக்குழல்கள் நாளடைவில் குறுகுவதால் உண்டாவது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். புகைபிடித்தலும் விறகடுப்புப் புகையும் இதற்கு முதன்மையான காரணங்களாகும். இந்நோய் முற்றிலும் நீங்குவதில்லை. ஆயினும், இதனைக் கட்டுக்குள் வைக்கலாம்.

இப்பணியில் கைப்பேசிச் செயலிகள் இன்று துணைபுரிகின்றன. இங்கிலாந்தில் வழங்கும் ‘மைசிஓபிடி’ என்னும் செயலி, மருந்தை உள்ளிழுக்கும் முறையைப் படக்காட்சியாகக் காட்டுகிறது; உடற்பயிற்சிகளையும் கற்பிக்கிறது. இருமல், சளி, மூச்சுத்திணறல், உறக்கம் முதலியவை பற்றிய 8 வினாக்களுக்கு நோயாளி விடை குறித்தால், 40-க்கு இத்தனை என மதிப்பெண் தோன்றும். தேர்வில் எண் மிகுவது சிறப்பு. இங்கோ எண் மிகுவது தீங்கு. முன்னை எண்ணினும் 2 கூடினாலும் அதனைப் புறக்கணித்தல் ஆகாது. அவ்வேளையில் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடினால், உயிருக்கு நேரும் இடரைத் தவிர்க்கலாம்.

செயலி மருத்துவர் ஆகாது. அது எச்சரிக்கும், அதற்குச் செவிசாய்ப்பது நோயாளியின் கடமையாகும்.