வந்த நாயும் இருந்த பூனையும்

ஒத்துப்போகாத இருவரைக் கண்டால் "நாயும் பூனையும் போல" என்று சொல்வது எமது வழக்கம். இவை பிறவிப் பகைவர், ஒரு முற்றத்தில் வளர்க்க முடியாதவை என்ற எண்ணம் இந்தப் பேச்சுக்குள் மறைந்திருக்கின்றது. உண்மை அதுவன்று. முறையாகப் பழக்கினால் பெரும்பாலான நாய்களும் பூனைகளும் ஒரே கூரையின் கீழ் சண்டையின்றி வாழும். எப்படிப் பழக்குவது என்பதையே இப்பாடத்தில் பார்க்கப் போகின்றோம்.

ஏன் இதைப் படிக்க வேண்டும்?

இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் புதிய காணியிலோ, நெடுநாளின் பின் தன் சொந்தக் காணியிலோ கொட்டில் போட்டதும் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் பூனைதான். யாரும் அழைக்காமலே அடுப்படியில் வந்து குந்திக்கொள்ளும். நெல்மூடைகள் வீட்டுக்கு வந்ததும் அதன் அருமை தெரியவரும். நாய் பிறகுதான் வரும். பன்றிக்கும் கள்ளருக்கும் பயந்து, வேலி இன்னும் முடியாத வளவுக்குக் காவலாக அதைக் கொண்டுவருவோம்.

நாய் வந்த மறுநாளே பூனை போய்விட்டது என்ற முறைப்பாட்டை நாம் பல கிராமங்களில் கேட்டிருக்கின்றோம். "பூனைதானே, போகட்டும்" என்று இதை விட்டுவிட முடியாது. காலபோக அறுவடையின் பின் மாசி, பங்குனியில் கட்டிவைக்கும் விதைநெல் புரட்டாதி, ஐப்பசி விதைப்பு வரை ஏறக்குறைய 7 மாதங்கள் வீட்டில் இருக்க வேண்டும். ஏக்கருக்கு 2 புசல் என்று கொண்டால் 3 ஏக்கர் செய்யும் குடும்பத்துக்கு 6 புசல், அதாவது ஏறக்குறைய 125 கிலோ விதைநெல் தேவை. எலி தின்பது கொஞ்சம். சாக்கைக் கடித்துச் சிந்துவதும், மூத்திரம் பெய்து பழுதாக்குவதுமே அதிகம். எலியின் மூத்திரத்தால் எலிக்காய்ச்சலும் பரவுகின்றது. பலமுறை எல்லாவற்றையும் இழந்து, கடன்பட்டு மீண்டும் கமஞ்செய்யத் தொடங்கிய குடும்பத்துக்கு ஒரு மூடை விதைநெல் சிறிய இழப்பன்று.

பெரிய அகிளானைப் பூனை பிடிக்காமல் விடலாம். ஆனால் சுண்டெலியையும் எலிக்குஞ்சுகளையும் அது அடக்கி வைத்திருக்கும். பூனை போய்விட்டால் எலிநஞ்சு வைக்கலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. நஞ்சுண்ட எலியைத் தின்றால் நாயும் சாகக்கூடும். பிள்ளைகளுக்கும் அது ஆபத்து. ஆகவே எமக்கு நாயும் வேண்டும், பூனையும் வேண்டும்.

இரண்டின் பாசையும் வேறு

நாய்க்கும் பூனைக்கும் இடையில் வரும் சண்டைக்கு முதற் காரணம், ஒன்றின் குறிப்பை மற்றது பிழையாக விளங்கிக்கொள்வதாகும். நாய் தளர்ந்த உடலோடு வாலை ஆட்டினால் பெரும்பாலும் அது நட்பின் அடையாளம். பூனை வாலை அடித்து அடித்து ஆட்டினால் அது எரிச்சலின் அடையாளம். நாய் முன்னங்கால்களைத் தாழ்த்திக் குனிந்தால் விளையாட அழைக்கின்றது. பூனையோ அதைப் பாய்ச்சலுக்கு ஆயத்தம் என்று எண்ணிச் சீறும். நாய் மல்லாந்து படுத்தால் பணிகின்றது. பயந்த பூனை மல்லாந்தால் நான்கு கால் நகங்களையும் ஆயுதமாக்குகின்றது.

இரண்டாவது காரணம் ஓட்டம். ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. துரத்தினால் ஓடுவது பூனையின் இயல்பு. ஒருமுறை துரத்தி ருசி கண்ட நாய் மறுநாளும் துரத்தும். ஆகவே முதலாவது துரத்தலே நடவாமல் தடுப்பதுதான் இப்பாடத்தின் சாரம்.

மூன்றாவது காரணம் இடம். பூனை மனிதரோடு மட்டுமன்றித் தன் இடத்தோடும் ஒட்டி வாழும் பிராணி. கன்னத்தைத் தூணிலும் கதவிலும் உரசித் தன் மணத்தைப் பூசி, "இது என் இடம்" என்று குறித்து வைக்கும. புதிய மணமொன்று திடீரென வீடெங்கும் நிறைந்தால் தன் இடம் பறிபோய்விட்டதாக அது உணர்கின்றது.

நாய் வருமுன் செய்ய வேண்டியவை

முதலில் பூனைக்கு உயரத்தில் ஓரிடம் கொடுங்கள். வளையில் பலகையொன்றைக் கட்டி, ஏறுவதற்கு ஒரு மரத்துண்டைச் சாய்த்து வைத்தாற் போதும். நெல்மூடைகளுக்கு மேலே அப்பலகை அமைந்தால் காவலுக்கும் நல்லது. நாய்க்கு எட்டாத அவ்விடத்திலேயே பூனையின் சாப்பாட்டுச் சிரட்டையையும் வையுங்கள். பூனைக்கு வைத்த மீன் தலையை நாய் தின்றுவிட்டால் பகை அங்கேயே ஆரம்பமாகும்.

அடுத்து நாயின் இடத்தைத் தீர்மானியுங்கள். ஓர் அறை மட்டுமே உள்ள தகரக் கொட்டிலானால் நாயின் இடம் வெளியே, நிழலும் மழைக்கு ஒதுக்கும் உள்ள மூலையில் இருக்கட்டும். பூனை அடுப்படிக்குப் போய்வரும் வழியில் நாயைக் கட்ட வேண்டாம்.

தெரிந்தெடுக்கக்கூடிய நிலை இருந்தால், 8 வாரமளவிலான குட்டியை எடுப்பது நல்லது. அந்த வயதில் காணும் பிராணிகளை நாய் தன் வீட்டாராக ஏற்றுக்கொள்ளும். வளர்ந்த நாயானால் அது முன்பு பூனையையோ கோழியையோ கொன்றதா என்று கொடுப்பவரிடம் கேட்டறியுங்கள். கொன்று பழகிய நாயைப் பூனையோடு தனியே விட ஒருபோதும் துணிய வேண்டாம்.

படிப்படியாகப் பழக்குதல்

முதலாம் படி – மணம். முதல் 3, 4 நாட்கள் இரண்டும் ஒன்றையொன்று காணத் தேவையில்லை. நாய் படுத்த சாக்குத் துண்டொன்றைப் பூனையின் சிரட்டைக்குச் சற்றுத் தூரத்தில் போடுங்கள். பூனை படுத்த துணியை நாயின் பக்கத்தில் போடுங்கள். நாளுக்கு நாள் அவற்றைச் சிரட்டைக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். புதிய மணம் சாப்பாட்டோடு சேர்ந்து வரும்போது பயம் குறையும்.

இரண்டாம் படி – மறைப்பு. கிடுகுத் தட்டியொன்றின் இருபுறமும் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு வையுங்கள். சத்தம் கேட்கும், மணம் வரும், உருவம் தெரியாது. பூனை சாப்பிடாமல் பின்வாங்கினால் தூரத்தைக் கூட்டுங்கள்.

மூன்றாம் படி – காணுதல். நாயை முதலில் வயலுக்கோ குளக்கட்டுக்கோ நடத்திக் களைப்பாக்குங்கள். பின்னர் கயிற்றில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் இருத்துங்கள். பூனை தன் விருப்பப்படி வரட்டும், அல்லது மேலேயிருந்து பார்க்கட்டும். நாய் பூனையைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிய உடனே கருவாட்டுத் துண்டொன்றைக் கொடுங்கள். கண்வெட்டாமல் முறைத்து உடலை விறைத்தால் சத்தமிடாமல் அப்பால் கூட்டிச் செல்லுங்கள். 5 நிமிடம் போதும். நாளுக்கு இரண்டு, மூன்று முறை செய்யலாம்.

நான்காம் படி – கயிற்றைத் தளர்த்துதல். பூனை நாயின் முன்னே நடந்து போகும்போது நாய் எழும்பாமல் இருந்தால், கயிற்றை நிலத்தில் இழுபட விடுங்கள். தேவையானால் மிதித்துக்கொள்ளலாம். பல நாட்கள் இப்படி அமைதியாகக் கழிந்த பின்னரே கயிற்றைக் கழற்ற வேண்டும். அதன் பின்னும் சில வாரங்களுக்கு, எல்லோரும் வயலுக்குப் போகும் வேளையில் இரண்டையும் பிரித்து வைப்பதே நன்று.

சில வீடுகளில் 3 வாரத்தில் காரியம் முடியும். சில வீடுகளில் மாதங்கள் செல்லும். பதறாத காரியம் சிதறாது. பூனை வழமைபோலச் சாப்பிட்டு, உடம்பை நக்கித் துடைத்து, வழமையான இடத்தில் தூங்கினால் நீங்கள் சரியான வழியில் செல்கின்றீர்கள். அது உண்ணாமல் ஒளிந்திருந்தால் ஒரு படி பின்னே செல்லுங்கள்.

புதிதாக வந்தது சிறு குட்டியானால் நிலைமை மாறும். அப்போது பலமுள்ளது பூனைதான். அதன் நகம் குட்டியின் கண்ணைப் பழுதாக்கலாம். ஆகவே குட்டியைப் பூனையின் முகத்தருகே போக விடாதீர்கள். சீறி எச்சரிப்பதற்காகப் பூனையைத் தண்டிக்கவும் வேண்டாம்.

செய்யக்கூடாதவை

பூனையைக் கையில் தூக்கி நாயின் முகத்துக்கு நேரே காட்டாதீர்கள். காயப்படுவது பிடித்திருப்பவரின் கையும் முகமுமே. பிள்ளைகள் இதை விளையாட்டாகச் செய்வார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பூனையைப் பார்த்துக் குரைத்ததற்காக நாயை அடிக்காதீர்கள். பூனை வரும்போதெல்லாம் அடி விழுகின்றது என்றுதான் நாய் கற்றுக்கொள்ளும். நீங்கள் இல்லாத நேரத்தில் அதன் கோபம் பூனையின் மேல் திரும்பும்.

"சண்டை பிடித்துத் தாங்களே தீர்த்துக்கொள்ளட்டும்" என்று விடாதீர்கள். சண்டையால் தீர்வு வருவதில்லை. ஒன்று சாகும், அல்லது ஓடிப்போகும்.

ஊசியும் காயமும்

நீர்வெறுப்பு நோய் நாய்க்கு மட்டும் வருவதன்று, பூனைக்கும் வரும். நோயுற்ற நாயோ பூனையோ கடித்தாலும் கீறினாலும் மனிதருக்கும் தொற்றும். நோயின் குணங்குறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது. 1885ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, விசர்நாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் தடுப்பூசி ஏற்றினார். அன்று முதல் இது தடுக்கக்கூடிய நோயாகிவிட்டது. எமது நாட்டில் நாய்களுக்கு இலவசமாக ஊசி போடப்படுகின்றது. உங்கள் பகுதிக்கு வரும் நாளைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியுங்கள். ஆண்டுதோறும் நாய்க்கு ஊசி போடுவியுங்கள். பூனையை மறந்துவிடாதீர்கள்.

கடியோ கீறலோ பட்டால் ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதையும் பூச வேண்டாம். உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். "எங்கள் வீட்டு நாய்தானே" என்று நாளைக் கடத்த வேண்டாம்.

ஒரு சிந்தனை

விவிலியத்தில் தோபித்தின் குடும்பம் சொந்த நாட்டிலிருந்து அசீரியரால் நினிவே நகருக்கு நாடுகடத்தப்பட்ட குடும்பமாகும். மகன் தோபியா, இரபேல் தூதரின் துணையோடு தூரப் பயணம் புறப்பட்டபோது நாயும் கூடவே சென்றது என்று அந்நூல் சொல்கின்றது. எல்லாம் இழந்த ஒரு வீட்டிலும் நாயொன்றுக்கு இடமிருந்தது. 1995இல் வலிகாமத்தை விட்டும், 2009இல் வன்னியை விட்டும் வெளியேறிய எம்மவரில் பலர், கட்டை அவிழ்த்துவிட்டு வந்த நாயை இன்றும் நினைத்துக்கொள்கின்றனர். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த வசனத்தின் பொருள் நன்றாக விளங்கும்.

மனிதரை மிருகங்களோடு ஒப்பிடுவது எமது நோக்கமன்று. ஆயினும் இந்தச் சிறு வேலையிலிருந்து ஒன்றைக் கற்கலாம். முன்பு இருந்தவர் புதியவரை வெறுப்பது பெரும்பாலும் தன் இடம் போய்விடும் என்ற பயத்தினாலாகும். கிணற்றடியிலும் பள்ளிக்கூட வாங்கிலும் விறகுக் காட்டிலும் நாம் அந்தப் பயத்தை இருபுறமும் நின்று கண்டவர்கள். "அன்பாயிருங்கள்" என்று கட்டளையிடுவதால் மட்டும் பயம் போய்விடாது. இருந்தவரின் இடத்தை உறுதிப்படுத்தி, வந்தவருக்கும் ஓரிடம் கொடுத்து, இருவருக்கும் காலம் கொடுக்க வேண்டும். எப்போதும் கயிறு பலமுள்ளவரின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

நாயும் பூனையும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துத் தூங்க வேண்டும் என்பதில்லை. ஒன்றையொன்று கடந்துபோய் அவரவர் வேலையைப் பார்த்தால் அதுவே சமாதானம். விதைநெல்லும் தப்பும், வளவும் தப்பும்.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. உங்கள் வீட்டில் பூனைக்கு நாய் எட்டாத இடம் உண்டா? இல்லையெனில் எங்கே அமைக்கலாம்?

2. உங்கள் கிராமத்தில் இவ்வாண்டு ஊசி போடப்படாத நாய்கள், பூனைகள் எத்தனை? அவற்றுக்கு ஊசி போடுவிக்கும் பொறுப்பை யார் எடுப்பது?

3. உங்கள் கிராமத்துக்குப் புதிதாக வந்த குடும்பமொன்று தன் இடத்தை உணரும்படி நீங்கள் செய்யக்கூடியது என்ன?