இலையைப் பார்

தைப்பூசத்துக்கு வடலூரில் பரிமாறக் கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சில சொல்கிறேன்.

1. பரிமாறும்போது இலையைப் பாருங்கள், முகத்தைப் பார்க்காதீர்கள். சிதம்பரம் பக்கத்துச் சமையல்கார அம்மா ஒருவர் என் இளவயதில் எனக்குச் சொன்னது இது. என் வாழ்க்கையில் கிடைத்த புத்திமதிகளில் இதற்கு மேலானது இல்லை. மூன்றாவது தடவை சோறு கேட்க நினைப்பவர், யாராவது பார்க்கிறார்களா என்றுதான் முதலில் நிமிர்கிறார். நம் கண் அவர் முகத்தில் இருந்தால் 'போதும்' என்று கையை மறித்துவிடுவார். இலையில் இருந்தால் அவர் கேட்கவே வேண்டாம். தீர்ந்தது நமக்கே தெரியும்.

2. எதையும் விசாரிக்காதீர்கள். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் வள்ளலார் இங்கே தருமச்சாலையைத் தொடங்கியது 1867 மே 23. யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்று ஊரே கணக்குப் பார்த்த காலம் அது. பசித்தவர் எந்த தேசம், எந்தச் சமயம், என்ன சாதி, எப்படிப்பட்ட நடத்தை என்று பேதம் பார்க்காமல் சோறு போட வேண்டும் என்று ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் எழுதினார். நடத்தையையும் சேர்த்தாரே, அதை நினைத்து நினைத்து நான் வியந்திருக்கிறேன். குடித்துவிட்டு வந்தவருக்கும் பசிக்கும். அடுத்த பத்தாண்டுக்குள் தாது வருஷப் பஞ்சம் வந்தது. தருமச்சாலை தொடங்கிய அன்று மூட்டிய அடுப்பை இன்றுவரை அணையவிடாமல் காத்து வருகிறார்கள். 'எந்த ஊரு, என்ன வேலை?' என்று அன்பாகக் கேட்பதைக்கூட அவர் கைகழுவிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

3. சாம்பார் வாளியை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இன்னும் குறைவாக.

4. புயல், வெள்ளம் என்றால் முறை வேறு. நம் மாவட்டத்துக்கு அது அடிக்கடி வரும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. முந்தின நாள் வரை பத்துப் பேருக்குப் படியளந்தவர்கள் மறுநாள் ஒரு பொட்டலத்துக்கு நிற்க வேண்டி வந்தது. அப்படி முதல்முறை நிற்பவர் கையை நீட்டமாட்டார். பிள்ளையை அனுப்புவார், அல்லது வீட்டிலேயே பட்டினி கிடப்பார். அவர்களை வரிசைக்குக் கூப்பிடாதீர்கள். அண்டாவைத் தெருவுக்குக் கொண்டு போங்கள், ஒவ்வொரு வாசலிலும் பாத்திரம் வாங்கி ஊற்றிக் கொடுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்திலும் கிள்ளையிலும் கடலில் உழைத்துப் பிழைத்தவர்களுக்கு இதே நிலைதான்.

செல்போனில் படம் எடுப்பதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ளமாட்டேன். கொடுப்பவர் முகம் தெரியட்டும் என்று எடுக்கும் படத்தில் வாங்குபவர் முகமும் விழுகிறது. அவருடைய பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.

5. கடைசிப் பந்தியில் நீங்களும் உட்காருங்கள். உங்களுக்கென்று தனியாக எதையும் எடுத்து வைக்காதீர்கள். ரசம் தீர்ந்துபோயிருந்தால் மோரோடு சாப்பிடுங்கள்.

விடிகாலை நாலு மணிக்கு அரிசி களைய வேண்டும். வாளி தூக்க முடியாதவர்கள் தண்ணீர் பக்கம் நில்லுங்கள். அங்கே எப்போதும் ஆள் குறைவு.