கார்டு ரீடர் பழுது: காரணம் காணும் முறை

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் களப்பணி புரிவோர் தாம் எடுத்த படங்களையும் அளவுகளையும் மெமரி கார்டில் பதிந்துகொண்டு திரும்புவதுண்டு. காம்பெல் விரிகுடா போன்ற தொலைவிடத்துப் பதிவு ஒன்று அழிந்தால், அதனை மீண்டும் பெறக் கடல் கடந்து செல்ல வேண்டும். ஆகவே, லினக்ஸ் கணினியில் கார்டு திறவாதபோது, பழுது எவ்விடத்தது என அறியுமுன் அதனை ‘பார்மட்’ செய்யலாகாது.

முதற்கண், ரீடரைக் கணினியில் செருகி, டெர்மினலில் ‘எல்எஸ்யுஎஸ்பி’ என்னும் கட்டளையைச் சிறிய ஆங்கில எழுத்துக்களில் இடுக. செருகுமுன் கண்ட பட்டியலைவிட ஒரு வரி கூடியிருத்தல் வேண்டும். கூடாவிடின் கார்டின்மீது குற்றமில்லை. ஹப்பினை நீக்கி, கணினியிலுள்ள வேறொரு துளையில் நேரே செருகிப் பார்க்க.

ரீடர் தோன்றினால், கார்டை அதனுள் இட்டு ‘எல்எஸ்பிஎல்கே’ என்னும் கட்டளையை இடுக. கார்டின் கொள்ளளவு தோன்றாவிடின் தொடுமுனைகளை நோக்குக. இத்தீவுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மி.மீ. மழை பெய்கிறது. ஈரமும் கடற்காற்றின் உப்பும் உலோக முனைகளில் படலமாகப் படிந்து மின்தொடர்பைத் தடுக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சிறிது தோய்த்த மெல்லிய துணியால் கார்டின் முனைகளைத் துடைத்து, நன்கு உலர்ந்தபின் இடுக.

கொள்ளளவு தெரிந்தும் கார்டு திறவாவிடின், கோப்பு முறை காரணமாகலாம். 32 ஜி.பி.க்கு மேற்பட்ட எஸ்.டி. கார்டுகள் பெரும்பாலும் ‘எக்ஸ்ஃபாட்’ முறையில் அமைந்தவை. லினக்ஸ் கெர்னலில் இம்முறை 2019ஆம் ஆண்டு வெளிவந்த 5.4 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய கணினிகளில் துணை மென்பொருள் நிறுவ வேண்டும். கார்டு திறந்தும் எழுத இயலாவிடின், அதன் பக்கவாட்டிலுள்ள பூட்டுப் பொத்தான் இறங்கியுள்ளதா எனக் காண்க.

ஐயம் தீராவிடின், பழுதற்றதென அறிந்த வேறொரு கார்டை அதே ரீடரிலும், ஐயத்துக்குரிய கார்டை வேறொரு ரீடரிலும் இட்டுப் பார்க்க. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுவதே சோதனையின் நெறி. ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம்.

கார்டு திறந்தவுடன் பதிவுகளை இரண்டு இடங்களில் பிரதி செய்க. பின்னர் ‘அன்மவுண்ட்’ செய்தே கார்டை வெளியே எடுக்க.